வெடிப்புக்கு யார் பொறுப்பு?

சுனாமியில் கடல் வந்து போன பிறகு செட்டிபாளையத்தில், வாவிப் பக்கமாக, ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாக எழுந்தன. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று செலவை ஏற்றது. கொந்தராத்துக்காரர் ஒருவர் கட்டினார். அதில் ஒன்று புஸ்பத்துக்கும் அவள் கணவன் நல்லரத்தினத்துக்கும் கிடைத்தது. அவர்களுடைய பழைய வீட்டில் கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

வீட்டுக் கதவுகளின் திறப்புகளைக் கையில் கொடுத்த அன்று கொந்தராத்துக்காரரின் எஞ்சினியர் நிதுர்ஷன் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னான்: "ஒரு வருசத்துக்குள்ள என்ன பழுது வந்தாலும் நாங்களே திருத்தித் தருவம். ஆனா நீங்க கை வைக்கப்படாது. வைச்சா உத்தரவாதம் செல்லாது."

புஸ்பம் அதை அப்படியே நம்பினாள். சாமிப்படம் மாட்ட ஆணி அடிக்கப் போன நல்லரத்தினத்தின் கையிலிருந்து சுத்தியலைப் பறித்தாள். பிள்ளையார் கதிரையில் சாய்ந்தபடியே காலம் தள்ளினார்.

மாரி மழை தொடங்கியதும், அடுப்பு வைத்திருந்த குசினிச் சுவரின் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு இறங்கியது. முதலில் மயிர் போல இருந்தது. பிறகு விரல் நுழைந்தது. பீடியும் தீப்பெட்டியும் வைக்க வசதி என்றார் நல்லரத்தினம். புஸ்பம் சிரிக்கவில்லை. வருடம் முடிவதற்குள் கொந்தராத்துக்காரரின் கந்தோருக்குப் போய் முறையிட்டாள்.

நிதுர்ஷன் வந்து பார்த்தபோது வாவிக்கு அக்கரையில் சண்டை மூண்டிருந்தது. ஷெல் போகும் ஒவ்வொரு தரமும் அலுமாரியில் கோப்பைகள் குலுங்கின.

"அக்கா, இது ஷெல் அதிர்வுக்கு வெடிச்சது. யுத்தச் சேதம் உத்தரவாதத்துக்குள்ள வராது."

"ஷெல் அடி தொடங்க முதலே வெடிச்சிட்டு தம்பி."

"சண்டை முடியட்டும். அரசாங்கம் திருத்தித் தரும்."

சண்டை முடிந்தது. அரசாங்கத்திலிருந்து சேதம் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். வெடிப்பைத் தடவிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "இஞ்ச ஷெல் விழல்லயே. இது கட்டினவங்கட பிழை. அவங்களத்தான் கேக்கணும்" என்றார்.

அவர் மறுபடி வரும் நாளைப் புஸ்பம் கேட்டறிந்தாள். நண்டுக்கறி ஆக்குகிறேன் என்று சொல்லி, அதே நாளுக்கு நிதுர்ஷனையும் அழைத்தாள். இருவரையும் வெடிப்புக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இப்ப சொல்லுங்க, யார்ட பிழை?"

அதிகாரி நிதுர்ஷனைக் காட்டினார். நிதுர்ஷன் அக்கரையைக் காட்டினான். கறி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நிதுர்ஷனுக்கு ஒரு வழி தோன்றியது.

"இது கடல் ஏறின நிலம்தானே மிஸ். மண் இளகியிருக்கும். சுனாமியாலதான் வெடிச்சிருக்கும்."

"ஓம், அப்படித்தான் இருக்கணும்" என்றார் அதிகாரி, நிம்மதியோடு.

"சுனாமிக்குப் பிறகு கட்டின சுவரைச் சுனாமி எப்பிடி வெடிக்க வைக்கும்?" என்று கேட்டாள் புஸ்பம்.

இருவரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரமே அவள் சுத்தியலை எடுத்து வந்து நல்லரத்தினத்திடம் நீட்டினாள். "இனிக் கை வைங்க."

கூரைக்குத் தென்னங்குற்றியால் முட்டுக் கொடுத்துவிட்டு அவர் சுவரை இடித்தார். அடியைத் தோண்டத் தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். "இஞ்ச வந்து பாருகா."

அத்திவாரம் என்று ஒன்றும் இல்லை. ஒரு வரி கல், அதற்குக் கீழே வெறும் மணல். புஸ்பத்துக்குக் கோபத்துக்கு முன் பயம்தான் வந்தது. "இதுக்குப் பக்கத்திலதானே நாம இவ்வளவு காலமும் படுத்தம்" என்றாள்.

சில நாட்களில் வாசலில் ஒரு வான் நின்றது. வீடு வாங்கத் தேடிக்கொண்டிருந்த ஸாலிஹாவும் அவள் கணவரும் காத்தான்குடியிலிருந்து வந்து இறங்கினார்கள். அதே கொந்தராத்துக்காரர் இப்போது டவுன் பக்கம் விற்பனைக்கு வீடு கட்டுகிறாராம். 'நான் கட்டின வீடுகளை யுத்தமே அசைக்கல்ல, போய்ப் பாருங்க' என்று அவரே அனுப்பியிருந்தார்.

"பத்து வருச உத்தரவாதம் தாறாராம்" என்றாள் ஸாலிஹா. "உங்கட வீடு எப்பிடி அக்கா?"

புஸ்பம் யாரையும் குறை சொல்லவில்லை. குசினிக்குள் கூட்டிப் போய்ப் பள்ளத்தைக் காட்டினாள். ஸாலிஹா குனிந்து மணலை அள்ளினாள்.

"யா அல்லாஹ்! இதுலயா சுவர் நிண்ட?"

"இல்ல புள்ள. உத்தரவாதத்திலதான் நிண்ட."

ஸாலிஹா வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. அவளுடைய சொந்தக்காரர் வந்தார்கள், பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். புதுவீடு வாங்க நினைத்தவர்கள் எல்லாம் முதலில் புஸ்பத்தின் குசினிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

ஒருநாள் காலை கருங்கல் ஏற்றிய லொறியோடு நிதுர்ஷன் வந்து இறங்கினான். பின்னால் மேசன்மார்.

"அக்கா, எங்கட ஐயா திருத்திக் குடுக்கச் சொன்னவர்."

"உங்களுக்குப் பொறுப்பில்ல எண்டீங்களே தம்பி?"

"சட்டப்படி இல்லத்தான். இது நல்லெண்ணத்தில செய்யிறது."

"நல்லது. இந்த வரிசை முழுக்க இதே மணல்தான். உங்கட நல்லெண்ணத்த அந்த மூலை வீட்டில இருந்து தொடங்குங்க. என்ட பள்ளத்தக் கடைசியா மூடுங்க."

நிதுர்ஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இன்னொரு வான் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள், குசினி எந்தப் பக்கம் என்று அவனிடமே கேட்டார்கள். அவன் வழியைக் காட்டிவிட்டு, லொறியைத் திருப்பி மூலை வீட்டுக்குப் போகச் சொன்னான்.