காற்றின் பக்கம் பாடியவன்

சார்தீனியாத் தீவின் ஓருலே என்ற மலையூரில் மாவுரு புனிதரின் திருவிழாவன்று மதியத்திலிருந்தே காற்று பேயாட்டம் ஆடியது. வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றை அங்கே மாயிஸ்து என்பார்கள். கோயில் முன்னால் கட்டியிருந்த தோரணங்களை அது அறுத்துப் போட்டது. மிட்டாய்க் கடைக்காரனின் கூடாரத்தைப் பிடுங்கிப் பக்கத்துத் தெருவில் எறிந்தது. பாட்டுப் போட்டியைத் தள்ளிவைக்கலாமா என்று விழாக் குழுவினர் கேட்டபோது கூட்டம் ஒரேயடியாக மறுத்துவிட்டது. பாதிப் பேர் ஆட்டுப் பட்டிகளை விட்டுவிட்டு மலை இறங்கி வந்தவர்கள். நல்ல பாடகர்கள் இருவர் ஒரே மேடையில் நின்று, கொடுத்த பொருளில் அங்கேயே கவி கட்டி மோதுவதைக் கேட்க வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும். அதை விட்டுவிட்டுக் காற்றுக்குப் பயந்து எழுந்து போகிறவன் சார்தீனியாக்காரனே இல்லை.

மேடையில் நின்ற இருவரில் ஒருவன் உள்ளூர்க்காரன் கந்தீனெ. ஐம்பதை எட்டியவன், கல் போன்ற முகம், அடிவயிற்றிலிருந்து வரும் குரல். மற்றவர் கடற்கரைப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ப்ரேது. குள்ளமான உருவம், நாக்கு மட்டும் நீளம். இருவரும் எத்தனையோ திருவிழாக்களில் ஒருவரையொருவர் பாட்டால் கிழித்துவிட்டு, இறங்கியதும் ஒரே கோப்பையில் குடித்தவர்கள்.

ஆனால் ஓருலேயில் கந்தீனெயைப் பற்றி வேறொரு பேச்சு இருந்தது. அவனுடைய தம்பி லாரென்துவை ஆட்டுப் பட்டியில் வைத்து யாரோ முதுகில் சுட்டிருந்தார்கள். யாரோ என்பது கோர்ட்டுக்கு மட்டும்தான். சுட்டவன் பக்கத்து மேய்ச்சல்காரன் பொபோரெ என்பதும், மேய்ச்சல் நிலத்தின் எல்லைச் சுவர்தான் காரணம் என்பதும் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். சாட்சி சொல்ல யாரும் வராததால் பொபோரெ சில மாதங்களில் வெளியே வந்துவிட்டான். இனி அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று ஊர் காத்திருந்தது. லாரென்துவின் மனைவி மல்லேனா, ரத்தம் காய்ந்த சட்டையைத் துவைக்காமல் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் கந்தீனெ வந்தால் அதற்குக் கீழேதான் நாற்காலி போடுவாள். எதுவும் கேட்க மாட்டாள். காப்பியை வைத்துவிட்டுச் சட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

துப்பாக்கியோடு பொபோரெயின் வழியில் பதுங்கியிருந்துவிட்டு, சுடாமலே திரும்பி வந்த நாட்கள் கந்தீனெக்கு உண்டு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கந்தீனெ பாட்டில் மட்டும்தான் ஆம்பளை என்று மதுக்கடையில் யாரோ சொன்னது அவன் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அன்று குழுத்தலைவர் இருவர் காதிலும் பொருளைச் சொன்னார். ஒருவருக்குக் காற்று, ஒருவருக்கு ஓக் மரம். பழகிய பொருள்தான். காற்று என்றால் மனிதன் மேல் வந்து விழும் துன்பமெல்லாம். ஓக் மரம் என்றால் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நிற்கும் நெஞ்சுரம். பொறுமைக்குப் பேர்போன கந்தீனெக்கு மரம்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனுக்கு வந்தது காற்று.

முதல் சுற்றுகள் வழக்கம்போலப் போயின. கூரை பிரிப்பேன், படகு கவிழ்ப்பேன் என்று காற்று பெருமையடித்தது. வந்து கதவையெல்லாம் அறைந்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் கிளம்பும் மாப்பிள்ளை நீ என்று மரம் கேலி செய்தது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் பின்பாட்டுக்காரர்கள் மூவர் தொண்டைக் குரலில் இழுத்தார்கள். கூட்டம் சிரித்தது. கந்தீனெகூடச் சிரித்தான்.

வெயில் சாயத் தொடங்கியபோது பொபோரெ வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். மேடைக்கு நேர் எதிரே மதுப் பீப்பாய்மேல் கையூன்றி நின்றுகொண்டு, கந்தீனெயைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினான். மரியாதைக்குச் செய்தானா, சீண்டுவதற்குச் செய்தானா என்று பிறகு ஊர் ரொம்ப நாள் வாதாடியது. கந்தீனெக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அடுத்த பாட்டை அவன் மரத்தைப் பார்த்துப் பாடவில்லை.

*கதவை அடைத்துக் கிடப்பவனே, காற்றுக்கு ஏது தாழ்ப்பாள்?*
*பதுங்கி இருந்த பாறையிலே உன் பக்கத்தில் நான் இருந்தேன்;*
*முதுகைப் பார்த்துச் சுட்டவனே, முகத்துக்கு அஞ்சி நின்றவனே,*
*எதுகை தேடி வரவில்லை, உன் பெயரைத் தேடி வருகின்றேன்.*

பின்பாட்டுக்காரர்களில் ஒருவனுக்குக் குரல் எழவில்லை. மதுக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. பொபோரெ அசையாமல் நின்றான்.

ப்ரேது வெளியூர்க்காரர் என்றாலும் விஷயம் தெரிந்தவர். பதில் பாட வேண்டியது அவர் முறை. நேரம் பிடித்து, மெதுவாக, கந்தீனெயின் கண்ணைப் பார்த்துப் பாடினார்.

*அடித்த காற்றைத் துரத்தி ஓடும் மரத்தைக் கண்டவர் யாருண்டு?*
*பிடித்த மண்ணை விட்டு நகர்ந்தால் பேர் விறகென்று ஆகாதோ?*

மேலும் பாடினார். இடி விழுந்த மரத்தின் பொந்தில் தேனீ கூடு கட்டியதைப் பாடினார். போதும், இத்தோடு நிறுத்து என்று நண்பன் கெஞ்சுவது கந்தீனெக்குப் புரிந்தது. புரிந்தும் அவன் நிறுத்தவில்லை. பேச்சில் சொன்னால் பழி சுமத்துவது, பாட்டில் சொன்னால் பாட்டுத்தானே என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு சாக்கு இருந்தது. அடுத்த பாட்டின் முதல் அடியிலேயே பொபோரெயின் பெயரை வைத்தான். ஊர் முழுக்கக் கேட்கும்படி இழுத்துப் பாடினான்.

ப்ரேது பதறிப் பாய்ந்து அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அந்த நொடியில்தான் பொபோரெ இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். கந்தீனெக்கு வந்த குண்டு ப்ரேதுவின் தோளைப் பிய்த்துக்கொண்டு போனது.

கூட்டம் சிதறியது. பெஞ்சுகள் கவிழ்ந்தன, குழந்தைகள் அலறின. பொபோரெ மறுபடி குறிவைத்தான், துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதற்குள் கசாப்புக் கடைக்காரன் பின்னாலிருந்து ஒரு பலகையால் அவன் மண்டையில் போட்டான். கீழே விழுந்தவனை ஆட்டிடையர்கள் சுற்றிக்கொண்டு மிதித்தார்கள். கோர்ட்டில் வாய் திறக்காத அதே ஆட்கள்தான். தாடை உடையும் சத்தம் மேடைவரை கேட்டது.

கந்தீனெ மேடையின் விளிம்பில் நின்றான். கீழே மல்லேனா நெரிசலைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் கையில் விருந்துக்குப் பன்றிக்குட்டி அறுக்கிற கத்தி இருந்தது. பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"பெரியத்தான், இந்தாங்க. இனிமே பாடாதீங்க."

அவன் வாங்கினான். அவன் காலை யாரோ பிடித்தார்கள். ப்ரேது தரையில் கிடந்தபடி நல்ல கையால் அவன் கணுக்காலைப் பற்றியிருந்தார்.

"என் முறை இன்னும் முடியலடா," என்றார். "மேடைய விட்டு எறங்குனா நீ தோத்தேன்னு அர்த்தம்."

கந்தீனெ காலை உதறிக்கொண்டு குதித்தான். இடையர்கள் வழிவிட்டார்கள். பொபோரெயின் மார்பில் முழங்காலை ஊன்றி, கத்தியைக் கழுத்துக்குக் கொண்டுபோனான். பொபோரெயின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணால் அவனைப் பார்த்தான். உடைந்த தாடையோடு, வார்த்தைகளை மென்று துப்பினான்.

"உன் தம்பி... திரும்பிப் பாத்திருந்தா... சுட்டிருக்க மாட்டேன்."

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. கந்தீனெ கத்தியை இழுத்தான். அது கழுத்தில் விழவில்லை. காதின் அடியிலிருந்து கன்னம்வரை கிழித்தது. ரத்தம் அவன் முகத்தில் தெறித்தது. மறுபடி கையை ஓங்கினான்.

அப்போது மேடையிலிருந்து பாட்டுக் கேட்டது. ப்ரேது படுத்தபடியே பாடிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, பாதிச் சொற்களைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. என்ன பாடினார் என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. மரம், மண், நின்றேன் என்று இரண்டு மூன்று சொற்கள்தான் கிடைத்தன. அடி முடிந்ததும் பின்பாட்டுக்காரர்கள் அழுதுகொண்டே சேர்ந்து இழுத்தார்கள். ஓங்கிய கை அப்படியே நின்றது. கந்தீனெ எழுந்தான். கத்தியைத் தம்பி மனைவியிடம் திருப்பி நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. அது தரையில் விழுந்தது.

இந்த முறை சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஊரே பார்க்கச் சுட்டதற்கும், ஊரே கேட்க ஒப்புக்கொண்டதற்கும் சேர்த்துப் பொபோரெ நீண்ட காலம் உள்ளே போனான். கன்னத்தைக் கிழித்ததற்காகக் கந்தீனெயும் சிறிது காலம் சிறையில் இருந்தான். அவன் திரும்பி வந்தபோது மல்லேனாவின் வீடு பூட்டியிருந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கே போய்விட்டாளாம். அவன் அங்கே தேடிப் போனான். அவளுடைய அண்ணன் வாசலிலேயே நின்று, அவள் பார்க்க விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினான்.

அங்கிருந்து கந்தீனெ கடற்கரைக்கு, ப்ரேதுவின் வீட்டுக்குப் போனான். ப்ரேது முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோளிலிருந்து செத்துத் தொங்கியது.

"வாய்யா," என்றார். "காத்தா பாடுன்னு சொன்னா துப்பாக்கியா பாடுனவனே."

கந்தீனெ சிரிக்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, தான் செய்தது தெரிந்தே செய்தது என்று சொன்னான். பெயரைச் சொன்னால் பொபோரெ சுடுவான் என்று தெரியும். தான் செத்தால் தன்மேல் இருக்கும் பழிவாங்கும் கடமை தீர்ந்துவிடும் என்று நினைத்ததாகவும் சொன்னான். பக்கத்தில் நிற்கும் நண்பனை மட்டும் நினைக்கவில்லை.

கோபம் வந்து ப்ரேதுவின் உதடு துடித்தது, பிறகு அடங்கியது.

"ஊருல என்ன பேசுறாங்க தெரியுமா? என் பாட்டுதான் உன் கைய நிறுத்துச்சாம்."

"இல்ல. கை நடுங்கிருச்சு," என்றான் கந்தீனெ. "முன்னாடி பதுங்கி இருந்தப்பவும் இப்படித்தான் நடுங்குச்சு. எனக்குக் கொல்ல வராது. அவ்வளவுதான்."

"இதை வெளிய சொல்லித் தொலைக்காத," என்றார் ப்ரேது. "ஒரு கைய குடுத்து வாங்குன பேருய்யா அது."

பிறகு தட்டிலிருந்த ஆரஞ்சை இடது கையால் அவன் பக்கம் தள்ளினார். தோலுரிக்க இன்னும் பழகவில்லை என்றார். கந்தீனெ உரித்து, சுளை சுளையாக எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.