சும்மா கொடுத்த குரல்

ஒரு சிரிப்புக்கு நூற்றைம்பது, அழுகைக்கு இருநூறு, சாகும் மூச்சுக்கு முன்னூறு. விலைமதிப்பே கிடையாது என்று ஊரார் சொல்லிக்கொள்ளும் சரக்குக்கெல்லாம் அந்த டப்பிங் ஸ்டுடியோவில் விலை உண்டு. சாகும் மூச்சு முன்பெல்லாம் சிரிப்பின் விலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை முன்னூறுக்கு ஏற்றியவள் கறார் அக்கா. "மனுசன் சாகறது ஒரு தடவைதான் சார். நீங்க ஆறு டேக் வாங்கறீங்க. மிச்ச அஞ்சு சாவும் எனக்கு நஷ்டம்" என்று முதலாளியிடம் மல்லுக்கு நின்று வாங்கினாள். அன்றிலிருந்து அங்கே அவளுக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தது.

அவள் கணவரும் அதே ஸ்டுடியோக்காரர்தான். கணீர் அண்ணன் என்றால் தெரியாதவர் இல்லை. அவர் மைக்கில் "நில்லு" என்றால் திரையில் ஓடும் குதிரை நிற்கும். வெளியே டீ கொண்டு வருபவரும் நின்றுவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி, மடியில் எழுதி அழிக்கும் பலகை. இப்போது அவருடைய பேச்சு அதில்தான். ஆள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. எழுத்தும் கணீரென்றுதான் இருக்கும், பலகைக்கு இரண்டு மூன்று சொல்தான்.

அக்கா இப்போது பேசிக்கொண்டிருந்தது அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு. மனிதர்களும் மனிதர்களைப் போலவே இருக்கும் இயந்திரங்களும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். நகத்தில் ஒரு நீலப் புள்ளி இருந்தால் இயந்திரம், இல்லாவிட்டால் மனிதர். வேறு வித்தியாசம் கிடையாது. ஒரு சலவைக் கடைக்காரி, அவளிடம் வேலைக்கு வரும் ஓர் இயந்திர ஆள், இவர்கள் இருவரின் கதை. சலவைக் கடைக்காரிக்குக் குரல் நம் அக்கா.

டப்பிங்கில் ஒரு வழக்கம் உண்டு. திரையில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்சினாலும், குரல் கொடுப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அவரவர் வசனத்தை அவரவர் தனியாக வந்து பேசிவிட்டுப் போவார்கள். காதில் கேட்பது அயல்மொழி அசல்தான். அக்கா பதினோரு எபிசோடு அப்படித்தான் பேசினாள். இயந்திர ஆளுக்கு யார் பேசுகிறார்கள் என்று அவள் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஜோடிக்காரனுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை விசாரித்தாள். "அதுக்கு மனுசங்க இல்லக்கா, கம்ப்யூட்டர் குரல்" என்றார் சவுண்ட் இன்ஜினியர். "அப்ப அந்தக் காசையும் எனக்கே குடுக்கலாம்ல" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு யாரும் காசு தரவில்லை.

அன்று பிற்பகல் ஒரே ஒரு ரீடேக். குடைக்காக இருவரும் சண்டை போடும் காட்சி. ஒருவர் பேசும்போதே மற்றவர் குறுக்கே புகுந்து பேச வேண்டும். "அந்தப் பக்கத்து ட்ராக்கைக் காதுல போடறேன், கேட்டுக்கிட்டே பேசுங்கக்கா. இல்லன்னா ஒட்டாது" என்றார் இன்ஜினியர்.

அக்கா ஹெட்போனை மாட்டினாள். திரையில் மழை. இயந்திர ஆள் வாயைத் திறக்கும் முன் ஒரு சின்ன ஓசை வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் ஓசை. பிறகு குரல்: "குடையை நீயே வெச்சுக்கோ. எனக்கு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது."

அக்கா தன் வசனத்தைப் பேசவில்லை.

"என்னக்கா, க்யூ கேக்கலையா? இன்னொரு தடவை போடறேன்."

போட்டார். மறுபடியும் அந்த ஓசை, அந்தக் குரல். முப்பது வருடமாகக் காலையில் அவளை எழுப்பிய குரல். சுருதியைச் சற்றே இறக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். வேஷம் போட்டாலும் நடை காட்டிக்கொடுக்கும் அல்லவா? வசனத்துக்கு முன் நாக்கைத் தட்டுவது கணீர் அண்ணனின் பழக்கம். அந்தக் காலத்தில் இதே இன்ஜினியர் அதை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து அலுத்துப்போய், "அண்ணே, உங்க நாக்கைக் கொஞ்சம் வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்பார்.

"தம்பி, இது யாரு?"

"கம்ப்யூட்டர்தான்க்கா."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குத் தம்பி எச்சில்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியரின் கை பொத்தான்மேலேயே நின்றது. "அந்தச் சத்தத்தை நான் எடுத்துட்டேன்க்கா. தொடரை வாங்கற பார்ட்டிதான் திரும்ப வைக்கச் சொன்னாங்க. மிஷின் ஆன் ஆகற மாதிரியே இருக்காம். ரொம்பப் பிடிச்சிருச்சாம்." பொத்தானிலிருந்து கையை எடுத்து, "உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்" என்றார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முதலாளியின் அறைக்கு எப்படிப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"உக்காருங்கக்கா. டீ சொல்லவா?"

"அவரு குரல் எப்படி சார் அதுக்குள்ள வந்துச்சு?"

முதலாளி பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிடித்து உலுக்க ஒரு பிடியாவது கிடைத்திருக்கும். "கண்டுபிடிச்சிட்டீங்களா" என்றார். "அதான் காது."

"திருடியிருக்கீங்க."

"வார்த்தையை அளந்து பேசுங்கக்கா. ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் இருக்கா, இல்லையா?"

ஏன் இல்லாமல்? வருடம் முழுக்க அவள் எல்லோரிடமும் பீற்றிக்கொண்ட கதை அது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முதலாளி பழப்பையோடு வந்தார். அண்ணனின் குரலை இரண்டு நாள் உட்கார வைத்துப் பதிவு செய்து ஒரு பெட்டிக்குள் போட்டுவிடலாம், பிற்பாடு அவர் எழுதியதை அது அவர் குரலிலேயே பேசும் என்றார். நாற்பதாயிரம் ஆகும் என்றார். "நாப்பதா? அந்தக் காசுக்கு ஆளே கெடைப்பான் சார்" என்று பத்தில் தொடங்கினாள் அக்கா. அவர் முப்பது என்றார். அவள் வேண்டாம் என்று இரண்டு தரம் எழுந்து நடந்தாள். கட்டிய புருஷன் உள்ளே படுத்திருக்கும்போது எங்கே போவாள்? வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். அவர் இருபதுக்கு வந்தார், பதினைந்துக்கு வந்தார், கடைசியில் கையைக் கூப்பிவிட்டார். "அண்ணனுக்காகக் காசே வேண்டாம்க்கா. பதிவு பண்ண குரல் எங்களுக்குச் சொந்தம், அது மட்டும் போதும்."

அக்கா அதைத் தெளிவாகத்தான் கேட்டாள். குரல்வளை போகப்போகிற மனிதனின் பழைய குரல் யாருக்கு ஆகும் என்று நினைத்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்பதைச் சைபராக்கிய சந்தோஷத்தில் அன்று இரண்டு வேளை சாப்பாட்டை மறந்தாள். பேரத்தில் எதிராளி ஒரு படி இறங்கினால் அது நம் சாமர்த்தியம். தரைக்கே இறங்கிவிட்டால் அங்கே எதையோ பொறுக்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். கடைத்தெருவில் பழம் வாங்கும்போது அக்காவுக்கு இது தெரியும். அந்த வராந்தாவில் தெரியவில்லை.

அந்தப் பெட்டியையும் அண்ணன் பத்து நாள்தான் உபயோகித்தார். "நான் இல்லை இது" என்று பலகையில் எழுதிக் காட்டி, அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்.

"எங்கெல்லாம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"இந்தத் தொடருக்கு. அப்புறம் ரெண்டு பேங்க் போன். அப்புறம் லிப்ட்டு."

"எந்த லிப்ட்டு?"

"நிறைய லிப்ட்டுக்கா. பாதி ஊரு அண்ணன் சொல்லித்தான் மாடி ஏறுது. நம்ம கட்டடத்துல இருக்கறது பழசு, அதுல இல்ல."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "திருப்பிக் குடுங்க. என்ன வேணும், சொல்லுங்க." எதிர்விலை எதுவும் மனதில் இல்லாமல் அவள் விலை கேட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"வித்த சரக்கு திரும்பாதுக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப மிச்ச எபிசோடு நான் பேச மாட்டேன்."

"பேசாதீங்க." சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்கிற தொனியில் சொன்னார் முதலாளி. "இந்தத் தொடருக்கு ரேட்டு ஏத்திக் கேட்டீங்கள்ல, ஏத்திக் குடுத்தோம். அதுலயும் அதே கண்டிஷன்தான், நீங்க படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்க. பதினோரு எபிசோடு உங்க குரல் இருக்கு. அதைக் கேட்டு உங்களை மாதிரியே பேச மிஷினுக்கு அது தாராளம்."

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

முதலாளி கொஞ்சம் இறங்கி வந்து கேட்டார்: "அண்ணனுக்கு இது தெரியாதா? இன்னைக்கு ஏழு மணிக்கு முதல் எபிசோடு டிவில வருதே."

தெரியாது. பெட்டி இலவசமாக வந்தது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அக்கா பேசிய எந்தத் தொடரானாலும் முதல் எபிசோடை விடாமல் பார்ப்பது அண்ணனின் வழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து பலகையில் குற்றம் குறை எழுதிக்கொண்டே இருப்பார். டிவியிலிருந்து அவர் குரல் அவரையே பார்த்துப் பேசும் முன் அவள் வாயால் சொல்லியாக வேண்டும்.

பஸ் நத்தையாக நகர்ந்தது. நாலு மாடி ஏறினாள். எந்த உதட்டசைவுக்கும் வசனத்தைக் கச்சிதமாகப் பொருத்துகிறவளுக்கு அன்று ஒரு வசனம் பொருந்தவில்லை. மாடிக்கு மாடி மாற்றினாள். 'திருடிட்டாங்க' என்று முதல் மாடியில் வைத்தாள். மூன்றாவதில் அதை எடுத்துவிட்டாள்.

அண்ணன் குளித்து, வேறு சட்டை மாற்றி, டிவி முன்னால் தயாராக இருந்தார். அவளைப் பார்த்ததும் பலகையைத் தூக்கிக் காட்டினார்: "லேட்டு. மார்க் கட்."

ஏழு மணிக்கு நாலைந்து நிமிடம்தான் இருந்தது. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, அந்தப் பேசற பெட்டியைச் சும்மா வாங்கினேன்ல, அது சும்மா இல்ல. உங்க குரலை முதலாளிக்கே சொந்தம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வாங்கினேன். இன்னைக்கு இந்தத் தொடர்ல மிஷின் ஆளுக்குப் பேசறது நீங்கதான்."

ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணன் சிரித்தார். அவள் அடிக்கும் கிண்டல்களில் இது ஒன்று என்று நினைத்தார் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியைத் தட்டி, உட்கார் என்று கை காட்டினார்.

தொடர் தொடங்கியது. சலவைக் கடை, ஆவி, மணி அடித்துக்கொண்டு திறக்கும் கதவு. உயரமான ஓர் ஆள் உள்ளே வந்து நின்றான். நாக்கு தட்டும் ஓசை. "இங்க வேலை ஏதாவது இருக்குமா?"

அண்ணனின் கை சட்டென்று கழுத்துக்குப் போனது. துணிக்கு மேலே விரல்களை அழுத்தி, அங்கே ஏதாவது அதிர்கிறதா என்று பார்த்தார். அடுத்த வசனத்துக்கு இன்னும் அழுத்தினார். உதடுகள் திரையோடு சேர்ந்து அசைந்தன, தானாக. பிறகு நின்றுவிட்டன.

"சம்பளம் வேண்டாம்" என்றது டிவியில் அவர் குரல். "மூலையில நிக்க ஒரு இடம் குடுத்தா போதும்."

அதற்கு அக்காவின் குரல், மூன்று மாதத்துக்கு முன் அவள் ரசித்து ரசித்துப் பேசிய வசனம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதில் சொன்னது: "சம்பளம் வேண்டாம்னு சொல்றவனை நான் நம்ப மாட்டேன். எதையோ எடுத்துட்டுப் போகத்தான் வந்திருப்பான்."

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இருந்தால் அக்கா தாங்கியிருப்பாள், எதிர்ப்பேச்சு அவளுக்குப் பழக்கம். அவர் பார்த்தது வீடு மாறி உள்ளே வந்துவிட்ட யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. பலகையைத் துடைத்தார். வழக்கமான பெரிய எழுத்து இல்லை, நடுவில் சின்னதாக எழுதினார்: "எவ்வளவுக்கு?"

"ஒண்ணுத்துக்கும் இல்லங்க" என்றாள் அக்கா. "வித்திருந்தாலாவது பரவால்ல."

அவர் எழுதியதை அழித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். வெகுநேரம் திறந்தே வைத்திருந்தார். டிவியில் சலவைக் கடைக்காரி அந்த ஆளுக்கு ஒரு மூலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அவள் சிரித்தாள். அண்ணன் பேனாவை மூடி, பலகையைக் குப்புற வைத்தார்.

விளக்கைப் போடாமல் இருவரும் கடைசிவரை பார்த்தார்கள். கணக்கு இதுதான். டிவியில் அவர் அவளிடம் பேசியது பதினான்கு வசனம், அவள் அவரிடம் பேசியது பதினாறு. வீட்டுக்குள் அவள் சொன்னது இரண்டு தடவை, அவர் எழுதியது இரண்டு தடவை. வரவு, மிச்சம் பிடித்த நாற்பதாயிரம். செலவு, ஒரு குரல். இன்னொன்று போகிற வழியில். பாக்கி, அவர் எழுதாமல் மூடி வைத்த அந்தச் சொல்.