மூணாவது சிலிண்டர்

நாலு சிலிண்டர் பைக்குன்னா எனக்கு உசுரு. அதை என் மெக்கானிக் கடைக்கு ஓட்டிக்கிட்டு வர்ற ஆளைப் பார்த்ததும் அந்த உசுருல பாதி போயிடும். ஆளு வேற யாரும் இல்ல, என் தங்கச்சி புருஷன்தான்.

"மச்சான், மிஸ்ஸிங் அடிக்குது," அப்படின்னான்.

"தெரியுது மாப்பிள்ளை. நீங்க வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்து சொல்லிட்டுப் போயிடுச்சு."

அவன் சிரிக்கல. "அதுதான் மச்சான் பிரச்சனை. தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்டுடுது. நான் உள்ள நுழையறதுக்குள்ள குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, உங்க தங்கச்சி முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து நிக்கிறா. புருஷன் வர்றதை டமாரம் அடிச்சு சொல்லணுமா?"

நான் குனிஞ்சு எஞ்சின் சூட்டைக் கையால பார்த்தேன். போன தடவை தங்கச்சி மணிக்கட்டுல இருந்த காயத்தைப் பார்த்துட்டு, என்னடி இதுன்னு சத்தம் போட்டேன். அதோட சரி. அவளை இந்தப் பக்கம் அனுப்பவே இல்ல, என்னையும் அந்த வாசப்படி மிதிக்க விடல. ஊருக்கெல்லாம் காச்மூச்னு கத்துற எனக்கு இவன்கிட்ட மட்டும் பயம். எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் பேசுற ஒவ்வொரு பேச்சுக்கும் வாங்கிக் கட்டிக்கிறவ அவதான்.

எஞ்சின் ஆறுற வரைக்கும் ஆளுக்கொரு டயர் மேல உட்கார்ந்திருந்தோம்.

"தங்கச்சி எப்படி இருக்கா?"

"இருக்கா."

"ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்."

"அவளுக்கு வெயில் ஆகாது மச்சான்."

வெயில் ஆகாதாம்! கல்யாணத்துக்கு முன்னாடி இதே தகரக் கூரைக்கு அடியில என்கூட சரிக்குச் சமமா ஸ்பேனர் பிடிச்சவ. காது என்னைவிட அவளுக்கு ரொம்பக் கூர்மை, நாக்கும்தான். ஸ்பேனரை எடுத்துக்கிட்டு எழுந்தேன்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரத்துல நாலு சைலன்சர் குழாய் மேலயும் தண்ணி தெளிச்சேன். மூணு குழாய்ல சுர்ருன்னு ஆவி போச்சு. மூணாவது குழாய்ல தண்ணி அப்படியே வழிஞ்சு கீழ சொட்டுச்சு. மூணாவது சிலிண்டர் எரியல. அப்பப்ப எரியறப்ப, சேர்ந்து கிடந்த பெட்ரோல் சைலன்சருக்குள்ள போய் டப்பு டப்புன்னு வெடிச்சுது.

அந்த பிளக்கைக் கழட்டி ரெண்டாவதுல போட்டேன், ரெண்டாவது பிளக்கை இதுல போட்டேன். அப்பவும் மூணாவதுதான் செத்துக் கிடந்துச்சு. அப்ப பிளக் நல்லா இருக்கு. ரெண்டுக்கும் மூணுக்கும் பொறி குடுக்கிற காயில் ஒண்ணுதான், ரெண்டாவது ஒழுங்கா ஓடுது, அதனால காயிலும் நல்லா இருக்கு. மிச்சம் இருக்கிறது காயில்லேருந்து பிளக்குக்கு வர்ற தடி ஒயரும், அதோட முனையில இருக்கிற மூடியும்தான். டேங்கைத் தூக்கிப் பார்த்தேன்.

மூடியும் ஒயரும் சேர்ற இடத்துல கறுப்பு டேப் சுத்தியிருந்துச்சு. டேப்போட நுனி கொஞ்சூண்டு மடிச்சு விட்டிருந்துச்சு.

பார்த்ததும் மனசு குளுந்து போச்சுங்க. எத்தனை மாசம் கழிச்சு அவளைப் பார்க்கிற மாதிரி! "அட கழுதை, இது உங்க வீட்டுக்காரி கைவேலை மாப்பிள்ளை," அப்படின்னு சிரிச்சுட்டேன். "இடது கைக்காரி, எல்லாத்தையும் மாத்திச் சுத்துவா. அடுத்து பிரிக்கிறவன் நகத்தால சுரண்டக் கூடாதுன்னு நுனியை மடிச்சு விடுவா. இந்தக் கடையிலயே அப்படிப் பண்றவ அவ ஒருத்திதான். ரிப்பேரை அவளே பார்த்திருக்கா!"

அவன் எழுந்து வந்து என் தோள் பக்கம் நின்னான். "அவளா?"

"வேற யாரு?"

"வண்டியைத் தொடவே தெரியாதுன்னு என்கிட்ட சொன்னா."

அப்பதான் எனக்கு உறைச்சுது. ஆனா கை நிக்கல, டேப்பைப் பிரிச்சு மூடியைத் திருகி எடுத்துடுச்சு. ஒயருக்குள்ள இருக்கிற செம்புக் கம்பி நுனியில இல்ல. ரப்பர் உறை முழுசா இருக்கு, உள்ள இருக்கிற கம்பியை மட்டும் கொஞ்சம் இழுத்து நறுக்கிட்டு, உறையைத் திரும்ப இழுத்து விட்டிருக்கா. அந்த இடைவெளியைப் பொறி தாண்டினா எரியும், இல்லாட்டி இல்ல. அவ ரிப்பேர் பார்க்கல. வண்டியைக் கெடுத்து வெச்சிருக்கா, அவன் எங்கே வந்தாலும் அவளுக்குக் கேட்கிற மாதிரி.

"எலி கடிச்சிருக்கும்," அப்படின்னேன்.

"எலி இவ்வளவு நேரா கடிக்குமா மச்சான்?"

"பழைய ஒயர், உளுத்திருக்கும். புதுசுதான் போடணும். வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் நானே வீட்டுக்குக் கொண்டாந்து…"

"நுனியை வெட்டிட்டு மாட்டினா போதும்." குரல் உயரவே இல்ல. "மாட்டுங்க."

மாட்டினேன். என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும். மறுத்தா அந்தக் கோபமும் சேர்ந்து அங்கதான் போய் இறங்கும்னு நினைச்சேன், அதனால மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணினான். நாலும் ஒண்ணா எரிஞ்சுது. பக்கத்துல நிக்கிற எனக்கே சத்தம் தெரியல, அவ்வளவு சாந்தமா ஓடுச்சு.

அவன் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு இருக்கும்போது, நான் திரும்பி நின்னு தங்கச்சி நம்பருக்கு போன் போட்டேன். மணி அவன் சட்டைப் பைக்குள்ள அடிச்சுது. எடுத்துப் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"போன் அவளுக்கு எதுக்கு மச்சான்? வீட்டுலதானே இருக்கா." கிளட்ச்சை விட்டான். "நல்ல வேலை பண்ணீங்க."

நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. இங்க வாய் என்னுது, கெடப்போறது அவ.

ஷட்டரைக்கூட இறக்கல. யாரோ ரிப்பேருக்கு விட்டுட்டுப் போன ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு பின்னாடியே விரட்டினேன். நாலு சிலிண்டரை அது எங்கே பிடிக்கிறது? பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும், அவ தெருவுக்கு ரெண்டு தெரு முன்னாடியே ஹாரன்ல கட்டை விரலை வெச்சு அழுத்தினேன். எடுக்கவே இல்ல. டேய் லூசுன்னு ஒருத்தன் கத்தினான். கத்திட்டுப் போகட்டும். அவளுக்குக் கேட்கணும், பின்பக்கமா குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடணும், அவ்வளவுதான் எனக்கு.

முனை திரும்பினேன். வீட்டு முன்னாடி வண்டி ஏற்கெனவே ஸ்டாண்டு போட்டு நிக்குது. அப்பவும் விரலை எடுக்கல. ஒவ்வொரு வீட்டுலேருந்தும் ஆளுங்க வெளிய வந்து என்னைப் பார்த்தாங்க. பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து நின்னாங்க, அவங்க மட்டும் தனியா, குழந்தை அவங்ககிட்ட இல்ல. தெருவுல திறக்காத கதவு என் தங்கச்சி வீட்டுக் கதவு ஒண்ணுதான்.