ஐம்பது சாண்

1

இந்தக் கதை பிறந்தது என் சட்டைப் பையில் கிடக்கும் ஒரு துண்டுச் சீட்டால். அதைக் கொடுக்க வேண்டியவரிடம் கொடுக்கத் துணிவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் வரி இப்படி இருந்தது:

‘மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் வெளியில், கோடி விண்மீன்கள்...’

(அடித்துவிட்டேன். விண்மீன் பார்க்க வந்தவனா நான்? வானொலித் தொலைநோக்கிக்குப் பள்ளம் தோண்டிக் கேபிள் பதிக்க வந்தவன்.)

2

எல்லா ஆன்டெனாவின் சிக்னலும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். முந்திக்கொள்ளும் சிக்னலைக் கொஞ்சம் தாமதப்படுத்த, அதன் கேபிளை நீளமாக்குவோம். கேபிளுக்குள் சிக்னல் ஒரு நானோ நொடியில் இருபது சென்டிமீட்டர் ஓடும். அது என் கைக்குச் சரியாக ஒரு சாண். பொறியாளர் நோலீன் மைக்ரோ நொடியில்தான் எழுதுவார். ஒரு மைக்ரோ நொடிக்கு ஆயிரம் நானோ நொடி, எங்கள் கணக்கில் ஆயிரம் சாண். அவர் நேரத்தை அளப்பார். நாங்கள் அதை வெட்டுவோம்.

3

என்னோடு பள்ளம் தோண்டும் கெல்வினின் இரண்டு கையிலும் கேபிள். நோலீன் எழுதிய சீட்டு என் கையில்.

“என்ன போட்டிருக்கு ராய்?”

“புள்ளி சைபர் அஞ்சு மைக்ரோ.”

“மனுசன் பாஷையில சொல்லுய்யா.”

“அஞ்சு சாண்.”

“பாத்துச் சொல்லு மாப்ளே. உன்னைப் படிக்கக் கூட்டிட்டுப் போன பெட்ரோல் வீணாயிடப் போகுது.”

சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ‘5’ என்று பெருமையாக எழுதினேன். அவன் வெட்டினான்.

(நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றேன். வாராவாரம் எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி என்னை வகுப்பில் விட்டவன் கெல்வின். சீட்டைச் சரியாகத்தான் வாசித்தேன். சாணாக மாற்றும்போது கோட்டை விட்டேன். ஐம்பது சாண் வந்திருக்க வேண்டும்.)

4

பள்ளத்தை மூடிய பிறகு அந்த ஆன்டெனா வானத்தைக் கோணலாகப் பார்த்தது. மேலாளர் கார்ல் வந்தார்.

“எவன்யா வெட்டினது?”

“நான்தான்,” என்றான் கெல்வின்.

“ஒம்பது மீட்டர் குறையுது! கண்ணு எங்க இருந்துச்சு?”

“கேபிள்லதான் இருந்துச்சு.”

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கார்ல் போனதும் கேட்டேன்.

“என் பேரை ஏன்டா சொல்லல?”

“சொன்னா, இனிமே எவனாச்சும் உன்கிட்ட சீட்டை நீட்டுவானா?”

நாளைக் காலை அவனை வேலையைவிட்டு அனுப்புகிறார்கள்.

5

முதல் முடிவு: சீட்டைக் கொடுக்கிறேன். கார்ல் கண் கலங்கி இருவரையும் மன்னிக்கிறார். (கார்லைத் தெரிந்தவர்கள் இங்கே சிரிக்கலாம்.)

இரண்டாவது: வாயைத் திறக்காமல் இருக்கிறேன். கெல்வின் மூட்டை கட்டுகிறான். கதைக்கு நல்ல சோகம் கிடைக்கிறது, கெல்வினுக்கு...

அந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.

எங்கள் கொட்டகையிலிருந்து கார்லின் அறை நாற்பத்தைந்து மீட்டர். வெளிச்சத்துக்கு நூற்றைம்பது நானோ நொடி. எனக்கு இதுவரை மூன்று நாள் ஆகியிருக்கிறது. இன்னும் வாசலைத் தாண்டவில்லை. மூன்று நாளுக்கு எத்தனை நானோ நொடி என்று நீங்களே மாற்றிப் பாருங்கள். மாற்றி முடிப்பதற்குள் நான் எழுந்து நடந்திருப்பேனா என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சைபர் எதுவும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.