தகரத் தட்டில் பெய்த மழை

பத்தாம் வகுப்பில் நான் படிப்பை நிறுத்தி ஒரு வருடம் கழித்து, சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் காலியாகக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸில் கலைப்பள்ளி தொடங்கினார்கள். பெஞ்ச் கிடையாது, பரீட்சை கிடையாது, படிப்பை விட்டவர்களும் வரலாம் என்று மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"வூட்லயே செவுத்தப் பாத்துகினு கெடக்கறதுக்கு, அங்கயாவது போயி நாலு பேரோட இரு" என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

பள்ளியை நடத்தியவர் வினோலியா. மிஸ் என்று கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். நான் எதுவுமே கூப்பிடவில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு நாடகம் தயாரானது. வசனம் இல்லாத வேலையாக எனக்கு மழை கிடைத்தது. திரையாகக் கட்டிய பழைய போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். பெரிய தகரத் தட்டில் கேழ்வரகைப் போட்டு மெல்லச் சாய்த்தால் தூறல். வேகமாகச் சுற்றினால் அடைமழை. முன்னால் நடிக்கிற மெர்லின் உள்ளங்கையை உயர்த்தியதும் நிறுத்திவிட வேண்டும். போர்வையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியே அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் உள்ளே நுழையும்போதே ஜாஸ்பர், "மழ வருது, துணியெல்லாம் எடுங்கடா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அவனைத் தவிர அங்கே வேறு யாரும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாடகத்துக்கு முந்தைய வாரம் அக்கா எங்களை வட்டமாக உட்காரவைத்தார். என் மழையை ரொம்பவும் பாராட்டினார். நாடகம் தொடங்குமுன் நானே எல்லோர் முன்னாலும் வந்து, அந்தச் சத்தத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டுமாம். இப்போதே ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்றார்.

எழுந்து நின்றேன்.

"அவசரமே இல்ல செல்வி. உனக்கு எப்ப வருதோ அப்ப சொல்லு. நாங்க இருக்கோம்."

காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஜாஸ்பர்கூடச் சிரிக்கவில்லை. பழைய பள்ளியில் பதில் வராவிட்டால் திட்டிவிட்டு உட்காரச் சொல்லிவிடுவார்கள். இங்கே உட்காரச் சொல்ல ஆளில்லை. வெளியே ஷிப்ட் பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, போயும் விட்டது. நான் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்கே வந்தார். பயத்தைப் போக்கத்தானே பள்ளி, கட்டாயம் பேசிவிடுவாள், அனுப்பிவையுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நாடகத்தன்று போனேன், உள்ளே அல்ல. பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே, கொய்யா மரத்தடியில் நின்றேன். மழை ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அதில் இடியும் இருந்தது. எல்லோரும் வியந்து பார்த்தார்கள்.

மெர்லின் உள்ளங்கையை உயர்த்தினாள். ஜன்னல் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த என் விரல்கள் சட்டென்று நின்றன.

மழை நிற்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மெர்லின் உயர்த்திய கையை இறக்காமல், திரும்பிப் போர்வையின் கிழிசலைப் பார்த்தாள்.