ஆற்றோடு போன தூக்கக்காரி

அக்கா அதுவரை செய்ததெல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற சிற்பங்கள்தான். எலுமிச்சம்பழ அளவில் ஓர் ஆமை, கட்டைவிரல் உயரத்தில் குடை பிடித்த ஓர் ஆள், தீப்பெட்டிக்குள் முடங்கிப் படுக்கும் நாய். நண்பர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சட்டைப்பைச் சிற்பி'.

அப்படிப்பட்டவளுக்கு ஆற்றங்கரைச் சிற்ப முகாமிலிருந்து அழைப்பு வந்தது. மூடிப்போன காகித ஆலை ஒன்றில் கலைஞர்களைத் தங்கவைத்து, வெட்டவெளியில் நிற்கப்போகும் பெரிய பெரிய சிற்பங்களைச் செய்யச் சொல்லும் முகாம் அது. மரம், இரும்பு, கிரேன், பட்டறை, படுக்க அறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. "ஆள் மாறிக் கூப்பிட்டுட்டாங்களோ?" என்றார் கணவர். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

போன புதிதில் ஒன்றும் ஓடவில்லை. ஆலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கண் எட்டும் மட்டும் புல்வெளி. காலையில் பனிமூட்டம் இறங்கினால் அந்த வெளிக்கு விளிம்பே இருக்காது. பக்கத்துப் பட்டறையில் சிற்பியான இரும்புக்காரர் ஒருவர் தகடுகளைப் பற்றவைத்து ஒரு கோபுரத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். அவள் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நடந்தாள். இவ்வளவு பெரிய வெறுமையில் எதைக் கொண்டுபோய் வைப்பது?

ஒரு மத்தியானம் புல்லில் சாய்ந்தபடி எதிர்க்கரைக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பாதி செருகியிருந்தது. குன்றுகளின் விளிம்புக்கோடு மெல்லத் தாழ்ந்து, உயர்ந்து, மறுபடி தாழ்ந்து, நிதானமாக மேலேறியது. கழுத்து, தோள், இடுப்பு, தொடை. யாரோ ஒருக்களித்துத் தூங்குவது மாதிரி இருந்தது. யாரோ இல்லை. சின்ன வயதில் ஒரே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் தங்கையின் முதுகு அது. தூக்கம் வராதபோதெல்லாம் அக்கா பார்த்துக்கொண்டு கிடந்த முதுகு.

மறுநாளே வேலை பிடித்துக்கொண்டது. ரீப்பர்கள் எனப்படும் மெல்லிய மரப்பட்டைகளை நீராவிப் பெட்டியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குவாள். வளைவுகள் விலா எலும்புகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளத்துக்குப் புல்வெளியில் ஒரு பெண் படுத்தாள். கழுத்து வழியே குனியாமல் உள்ளே நுழைந்து முழங்கால் வழியே வெளியே வரலாம். உச்சிவெயில் ரீப்பர் இடுக்குகளில் நுழைந்து உள்ளே கோடு கோடாக விழும். அக்கா அந்தக் கோடுகளுக்கு நடுவில் படுத்துக் கண்ணயர்வாள். தான் செய்ததற்குள்ளேயே தான் கிடப்பது அவளுக்குப் புதிது. எழுந்தால் எந்த ஊர், எந்த வயது என்று பிடிபடச் சற்று நேரமாகும்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு போட்டுவிட்டு அக்காவைப் பார்க்க வந்தவள், பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றுவிட்டாள்.

"இது யாரு?"

"யாரோ."

"யாரோவா? இந்த இடுப்பு எனக்குத் தெரியாதா? ஊர் பூரா பாக்குற மாதிரி போட்டு வெச்சிருக்கியே!"

"முகமே வைக்கலடி."

"முகம் எதுக்கு? இதைப் பாத்தாலே எங்க வார்டுல மொத்தப் பேரும் கண்டுபிடிச்சிடுவாங்க."

சொல்லிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு கழுத்து வழியே உள்ளே போனாள். வெகுநேரமாகியும் ஆள் வெளியே வரவில்லை. அக்கா எட்டிப் பார்த்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தங்கை ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவளுக்குள் சின்னவள். இரண்டும் ஒரே வளைவு.

அந்த வாரம் மேலே எங்கோ மலையில் மழை பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு சொட்டு இல்லை. ஆறு மட்டும் நிறம் மாறிப் பெருத்துக்கொண்டே வந்தது. சிற்பத்தை நிலத்தோடு பிணைக்க அடுத்த வாரம்தான் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு.

ஒரு விடியலில் தங்கை வந்து உலுக்கினாள். "அக்கா, எந்திரி! நான் கெளம்பிட்டேன்."

"எங்கடி? லீவு இன்னும் இருக்கே?"

"நான் இல்ல, அந்த நான். ஜன்னல்ல பாரு!"

புல்வெளி இருந்த இடத்தில் ஆறு இருந்தது. பனிமூட்டத்துக்கு அடியில் மரப்பெண்ணின் கால்பக்கம் முதலில் லேசாக எழும்பியது. பிறகு முழு உடம்பும் மிதந்து, தூக்கத்தில் புரண்டு படுப்பவளைப்போல மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பியது. அப்புறம் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீரோட்டத்தோடு போகத் தொடங்கியது. கீழே இரும்புக்காரர் "கயிறு! கயிறு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அக்கா ஜன்னலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போகப்போக மரப்பெண் சிறுத்தாள். ஆற்றின் வளைவில் திரும்பும்போது, உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் போலிருந்தாள்.

"அழுதுடாதக்கா."

"அழலடி. எவ்ளோ அழகா போறா பாத்தியா?"

முற்பகலில் வெள்ளம் கொஞ்சம் வடிந்ததும் முகாமின் வேனில் தேடப் புறப்பட்டார்கள். ஓட்டியவர் முகாம் மேலாளர். எதற்கெடுத்தாலும் விதி சொல்வதால் கலைஞர்கள் அவருக்கு வைத்த பெயர் 'விதிமுறை'.

"படைப்பு முகாம் எல்லைய விட்டு வெளிய போகக் கூடாதுங்க. விதியிலேயே இருக்கு."

"ஆத்துக்குப் படிச்சுக் காட்டினீங்களா சார்?" என்றாள் தங்கை.

கரையோரத்து நீரேற்று நிலையத்தில் வேனை நிறுத்தினார்கள். அங்கிருந்த காவலாளியிடம் எப்படிக் கேட்பதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. "தூங்குற பொம்பள ஒருத்தி... இந்தப் பக்கம்..."

"போனாங்களே," என்றார் அவர், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. "கையாட்டிப் பாத்தேன். எந்திரிக்கல."

பாலத்தருகே சைக்கிள் கடை வைத்திருந்த பெண்ணும் பார்த்திருந்தாள். "தூண்ல இடிச்சிடுமோன்னு எனக்கு உசுரே போச்சு. அது பாட்டுக்கு நீளவாக்குல திரும்பி நடுவுல பூந்து போயிடுச்சு. பாலத்துல அத்தன ஜனம், யாருமே பேசலங்க."

பாலம் தாண்டி வெகுதூரம் போனபிறகு, ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலைக்குக் கீழே, வண்டல் ஒதுங்கிய திட்டில் அவள் கிடந்தாள். முதுகு தொழிற்சாலைக்கு, முழங்கால் ஆற்றுக்கு. தோளில் சில ரீப்பர்கள் முறிந்திருந்தன. கழுத்தைச் சுற்றி நீர்ப்பாசி. முதுகின் நிழலில் தொழிலாளர்கள் உட்கார்ந்து சாப்பாட்டு இடைவேளையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிரேன் கொண்டு வரணும்! உடனே தூக்கணும்!" என்றபடி விதிமுறை சரிவில் இறங்கினார்.

நீல உடுப்புப் போட்ட ஒரு பெண் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசுங்க சார். தூங்குறாங்கல்ல?"

விதிமுறை திகைத்து நின்றார். பிறகு கிசுகிசுத்தார். "கிரேன் கொண்டு வரணும்."

"வேணாம் சார்," என்று அக்காவும் கிசுகிசுத்தாள். "இங்கேயே இருக்கட்டும்."

"நம்ம புல்வெளி?"

"அங்க நான் படுக்க வெச்சேன். இங்க அவளா வந்து படுத்திருக்கா."

விதிமுறை அந்த மர முதுகைப் பார்த்தார். பிறகு யாரையும் எழுப்பிவிடாமல் நடப்பவரைப்போலச் சரிவேறிப் போய் நிர்வாகக் குழுவுக்குப் போன் போட்டார். என்ன சொன்னாரோ தெரியாது, அரைமனதாகச் சம்மதம் கிடைத்தது. தொழிற்சாலைக்காரர்கள் முழுமனதாகவே சம்மதித்தார்கள்.

கான்கிரீட்டை அந்தத் திட்டில் போட்டார்கள். ஆறு இன்னொருமுறை வந்தாலும் அசையாதபடி இரும்புக்காரர் வந்து பிணைப்புகள் அடித்துக் கொடுத்தார். அக்கா நீராவிப் பெட்டியை அங்கேயே கொண்டுவந்து தோளைச் சரிசெய்தாள். தங்கை லீவை நீட்டித்துக்கொண்டு, புண்ணுக்குக் கட்டுப்போடும் கையால் கிளாம்ப் முடுக்கினாள். பாசியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றாள். "முடி மாதிரி இருக்கு, விட்டுடு."

வேலை முடிந்த அன்று மத்தியானம் சகோதரிகள் இருவரும் தொழிலாளர்களோடு அந்த நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நீல உடுப்புப் பெண் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். மரப்பெண்ணைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"இவங்க எப்போ எந்திரிப்பாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு லீவு முடியட்டும்," என்றாள் தங்கை.

எல்லாரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். தொழிற்சாலைச் சங்கு நீளமாக ஊதியது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தவர்கள், அந்தச் சத்தத்துக்கு மரப்பெண் அசைகிறாளா என்று ஒருகணம் திரும்பிப் பார்த்துவிட்டு, சரிவேறி வேலைக்குப் போனார்கள்.