தெருமுனையில் நின்ற மின்சாரம்

வெள்ளம் வடிந்த பிறகு மின்சாரம் தெருமுனை வரை வந்து நின்றுகொண்டது. முனைக் கம்பத்தில் காதை வைத்தால் அதன் முனகல் கேட்கும். அதைத் தாண்டி ஒரு வீட்டுக்குள்ளும் அது வரவில்லை. கம்பியை மாற்றினார்கள், ஃபியூஸை மாற்றினார்கள், நின்றது நின்றதுதான். குடிநீர் மோட்டாரும் அந்தத் தெருவிலேயே இருந்ததால் குழாய்களும் வறண்டன. பெண்கள் அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்தார்கள். "கரெண்டுக்கு வழி தெரியல போல, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க சார்" என்று தையல்காரர் பொறியாளரிடம் சொன்னார். பொறியாளர் சிரிக்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் முழங்கால் உயரத் திட்டில் இருந்தது. அதை உயர்த்தச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டும் பணம் வரவில்லை. வெள்ளத்தன்று, தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து தெருவே சாகுமென்று லைன்மேன் இடுப்பளவு நீரில் இறங்கிப் போய் லைனை நிறுத்தினார். போகுமுன் கூட்டாளியிடம், "நானே வந்து சொல்ற வரைக்கும் லைன் குடுக்காத" என்றார். அந்த வேலையில் அதுதான் சட்டம். நிறுத்தியவன் வாயால் சொன்னால்தான் கொடுக்கலாம். தெரு பிழைத்தது. அவரை வெள்ளம் கொண்டுபோனது, உடல்கூடக் கிடைக்கவில்லை.

நான்காம் வருடம் அரசு பணம் ஒதுக்கியது. டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் ஆளுயரத் தூண்களின் மேல் ஏறின. மின்சாரம் அப்போதும் முனையை விட்டு அசையவில்லை. கூட்டாளி, லைன்மேனின் மனைவியைத் தேடிப் போனார். அவள் அதுவரை கணவனை இறந்தவராகப் பேசியதில்லை. அடுத்த தெருத் தண்ணீரில் அவர் சட்டைகளை வாராவாரம் துவைத்து மடித்து வைப்பாள்.

"அவன் சொல்லணும் அண்ணி. இல்லேன்னா அவனுக்காக நீங்க சொல்லணும்."

"நான் சொல்லிட்டா, அப்புறம் யாருக்காகக் காத்திருக்கிறது?"

அப்போது பக்கத்து வீட்டுக்காரி, நிறைமாதக்காரி, இடுப்புக் குடத்தை இறக்கி வைத்து அந்த வாசலிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, லைன்மேனின் மனைவி எழுந்து தூண்களை நோக்கி நடந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அன்னிக்கே இருந்திருந்தா, மழை விட்டதும் வீட்டுக்கு வந்து சோறு கேட்டிருப்பாரு" என்றாள். பிறகு, "அவரு வரமாட்டாரு. லைன் குடுங்க" என்றாள்.

மின்சாரம் வீடு வீடாக நுழைந்து வந்தது. குழாய்கள் இருமிவிட்டுத் தண்ணீர் விட்டன.

அதன் பின் எப்போது மின்சாரம் போனாலும், அவள் வந்து அவர் வரமாட்டாரென்று சொன்னால்தான் திரும்புகிறது. மின்வாரிய அலுவலகமும் பழகிக்கொண்டது, ஆள் அனுப்பும், அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். தூண்கள் நல்ல தூண்கள். எந்த மழைக்கும் மின்சாரம் அதிகம் போவதில்லை. வருடத்துக்கு ஓரிரு முறைதான் அவள் சொல்ல வேண்டியிருக்கிறது.